மனநோய்க்குக் காப்பீடு கிடையாது என்பது தவறான தகவல்

மேலே ஒரு நண்பர், “மனநோய்ச் சிகிச்சைக்குக் காப்பீடு கிடையாது; நிறுவனம் தியான வகுப்பு நடத்தினால் அதன் பங்கு முடிந்தது” என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. இதைப் படித்துவிட்டு பெங்களூரில் வேலை பார்க்கும் யாரேனும் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிடக் கூடாது.

மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 21(4), உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு வழங்க வேண்டும் என்கிறது. 2018 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் பல அலுவலகக் குழுக் காப்பீடுகள் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு மட்டுமே பணம் தருகின்றன. மாதாமாதம் மருத்துவரைப் பார்க்கும் செலவு நம் கையிலிருந்துதான் போகிறது. வெளிநோயாளர் செலவையும் சேர்த்துப் பாலிசி எடுப்பது முதலாளியின் முடிவு. மனிதவளத் துறையிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

தியான வகுப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இரவு பதினொரு மணிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் கூட்டம், காலை ஒன்பதுக்கு மீண்டும் வருகைப்பதிவு என்றால், எந்த மூச்சுப்பயிற்சி அதைச் சரிசெய்யும்? உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் பணிச்சுமையையும் வேலை நேரத்தையும் மாற்றுவது, மேலாளர்களுக்குப் பயிற்சி தருவது, விடுப்பு முடிந்து திரும்புபவருக்குப் படிப்படியாக வேலை கொடுப்பது ஆகியவற்றைப் பேசுகின்றன. இவையெல்லாம் நிறுவனத்தால் மட்டுமே செய்யக்கூடியவை.

அலுவலக ஆலோசகரிடம் பேசத் தயங்குபவர்கள் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் 14416 எண்ணை அழைக்கலாம். இலவசம், தமிழிலும் பேசலாம்.