கான்கிரீட் தரை வெயிலில் காய்ந்தால்தான் இறுகுமா? உண்மை விளக்கம்

"தகரக் கொட்டகைக்குத் தரை போட்டால் ரெண்டு நாள் நல்ல வெயிலில் காய விடுங்கள், தண்ணீர் ஊற்றினால் பலம் போய்விடும்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. சிமென்ட்டும் தண்ணீரும் வேதிவினை புரிந்துதான் இறுகுகிறது. ஈரம் சீக்கிரம் போய்விட்டால் அந்த வினை பாதியில் நின்றுவிடும். மேற்பரப்பு வெடிக்கும், பெருக்கப் பெருக்கப் புழுதி கிளம்பும். கூரை போடாத கொட்டகையில் வெயிலும் காற்றும் சேர்ந்து அடிப்பதால் ஆபத்து இன்னும் அதிகம்.

இந்தியத் தர விதி ஐஎஸ் 456 (2000) சாதாரண ஓபிசி (OPC) சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாளும், பிபிசி (PPC) போன்ற, எரிசாம்பல் முதலியவை சேர்த்த கலப்பு சிமென்ட்டுக்கு 10 நாளும் தொடர்ந்து ஈரமாக வைக்கச் சொல்கிறது. கடும் வெயில் காலத்தில் எந்த சிமென்ட்டானாலும் 10 நாளுக்குக் குறையக் கூடாது. மூட்டையைப் பார்த்து எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, இந்தப் பேச்சு எங்கிருந்து வந்திருக்கும்? கலவையில் தண்ணீர் கூடினால் பலம் குறையும் என்பது உண்மை. இறுகிய பிறகு மேலே நிற்கும் தண்ணீர் அப்படியல்ல. தரை விரல் பதியாத அளவு இறுகியதும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், அல்லது ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள். சாக்கு ஒரு மதியம்கூடக் காயக் கூடாது.