நசீம் ஹமீது தோற்றபின் ஓடிவிடவில்லை
தம்பி, குத்துச்சண்டை வீரர் நசீம் ஹமீதைப் பற்றி, ‘நோஞ்சான்களை அடித்தே பெயர் வாங்கிய நசீம் ஹமீது, பாரேராவிடம் தோற்றபின் மேடையேறவே இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் தவறு. 2001 ஏப்ரலில் மெக்சிகோ வீரர் பாரேராவிடம் தோற்றவர், 2002 மே மாதம் லண்டனில் மனுவேல் கால்வோவைப் புள்ளிக்கணக்கில் வென்றுவிட்டுத்தான் ஒதுங்கினார்.

கெவின் கெல்லியா நோஞ்சான்? 1997இல் நியூயார்க்கில் ஹமீதை மூன்று முறை தரையில் வீழ்த்தியவர்! ஹமீதும் அவரை மூன்று முறை சாய்த்து நான்காம் சுற்றிலேயே முடித்தார். மன்னார்குடியில் நண்பர் வீட்டில் அதன் வீடியோவைப் பார்த்தபோது, கையிலிருந்த காபி ஆடை படிந்து ஆறிப்போனது.

37 போட்டி, 36 வெற்றி, அதில் 31 நாக்அவுட். ஒரு தோல்விக்காகக் களத்து நெல் முழுவதையும் பதரென்று தூற்றுகிறீர்களே! ஹமீது மேடைக் கயிற்றைத் தாண்டிக் குட்டிக்கரணம் அடித்து வந்ததைக் கோமாளித்தனம் என்றால் மட்டும், நானும் உங்கள் கட்சி.