எண்ணைக் கூட்டினால் வடிகட்டி இறுகாது

குப்பை மெயிலை வடிகட்டும் மென்பொருளான ஸ்பாம்அசாசினில் ‘ரிக்வயர்ட் ஸ்கோர்’ என்பதை 5இலிருந்து 10 ஆகக் கூட்டினால் கூடுதலான குப்பை மெயில் பிடிபடும் என்று உங்கட பதிவில் எழுதியிருக்கிறீங்கள். மன்னிக்கவேணும் அண்ணை, நடப்பது தலைகீழ்.

அந்த எண் வடிகட்டியின் பலம் இல்லை, எல்லைக்கோடு. ஒவ்வொரு மெயிலுக்கும் விதிகள் புள்ளி போடும். கூட்டுத்தொகை கோட்டைத் தொட்டால்தான் அது ஸ்பாம். கோட்டை 10க்கு உயர்த்தினால், 6, 7 புள்ளி எடுத்த லொத்தர் மெயிலும் இன்பொக்ஸுக்குள் வந்து குந்தும்.

தப்பி வந்த ஒரு மெயிலின் முழுத் தலைப்பையும் (ஹெடர்) திறந்து ‘எக்ஸ்-ஸ்பாம்-ஸ்ரேற்றஸ்’ வரியைப் பாருங்கோ. ‘நோ, ஸ்கோர் 6.3, ரிக்வயர்ட் 10.0’ என்ற மாதிரி இருந்தால் காரணம் அதிலேயே தெரியும். வடிகட்டி ஓடுதா என்று பார்க்க அனுப்பும் ‘ஜிட்யூப்’ சோதனை மெயிலை வைத்து மட்டும் ஒப்பிடவேண்டாம். அதற்கு 1000 புள்ளி, எந்தக் கோட்டிலும் பிடிபடும் (கூட்டியது வேலை செய்யுது என்ற நினைப்பு இதால்தான் வரும்).

மாற்றியும் ‘ரிக்வயர்ட்’ பழைய எண்ணையே காட்டினால் ஸ்பாம்டியை (பின்னணியில் ஓடும் ஸ்பாம்அசாசின் சேவை) ரீஸ்ரார்ட் செய்யுங்கோ. மெயில் சேர்வருக்கும் ஸ்பாம்அசாசினுக்கும் இடையில் நிற்கும் அமாவிஸ் என்ற மென்பொருள் ஊடாக ஓடுகிற சேர்வர் என்றால், ஸ்பாம்அசாசினின் அமைப்புக் கோப்பான லோக்கல் டொட் சி.எஃப்இல் உள்ள எண் கணக்கில் எடுபடாது. அமாவிஸின் சொந்த எல்லைக்கோடான ‘ராக்2 லெவல்’ஐத்தான் மாற்றவேணும்.

இறுக்க விரும்பினால் 5இலிருந்து 4.5க்கு இறக்கி, ஒரு கிழமை ஸ்பாம் பெட்டியைப் பாருங்கோ. யாழ்ப்பாணத்து அலுவலகத்துக்குக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் நல்ல மெயிலும் அதுக்குள்ள கிடக்கலாம்.