துபாய் ஃப்ளாட்டில் நாலு பேரின் கிறிஸ்துமஸ்

நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கம் கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன்னாடியே பலகார வேலை ஆரம்பித்துவிடும். முந்திரிக்கொத்து, அதிரசம், முறுக்கு, அச்சு முறுக்கு. உருட்ட அத்தை, சுட சித்தி, டின்னில் அடுக்கப் பாட்டி. துபாயிலோ ஷார்ஜாவிலோ ஒரு பெட்ரூம் ஃப்ளாட்டில் இருக்கும் நாலு பேர் அத்தனையும் செய்யப் பார்த்தால், 24-ஆம் தேதி ராத்திரி அம்மாவுக்கு இடுப்பு வலியும் பிள்ளைகளுக்குத் திட்டும்தான் மிச்சம். அதற்குப் பயந்து, மாலில் மரத்தின் முன்னால் ஒரு போட்டோவோடு முடித்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். பலகாரத்தை ஒன்றாகக் குறையுங்கள், ஆட்களைக் குறைக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து.

அந்த ஒன்று அச்சு முறுக்காக இருக்கட்டும். வறுக்காத பச்சரிசி மாவு 2 கப், மைதா அரை கப், பொடித்த சர்க்கரை முக்கால் கப், முட்டை 2, எள் ஒரு ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, தோசை மாவை விடச் சற்று நீர்க்கக் கரையுங்கள். ஒன்றரை கப்புக்கு மேல் பிடிக்கும். பாக்கெட் இடியாப்ப மாவு வேண்டாம். அது வறுத்த மாவு, பாலை இழுத்துக்கொண்டு இறுகிவிடும். சர்க்கரையைக் கூட்டினால் வெளியே சிவந்து, ஆறியதும் நமத்துப்போகும்.

புது அச்சை முதல் நாள் இரவே எண்ணெயில் மூழ்க வைத்துவிடுங்கள். சுடும்போது சின்ன, குழிவான வாணலிதான் நல்லது. அச்சு முங்கும் அளவு எண்ணெய் இருந்தால் போதும். காய்ந்த எண்ணெயில் அச்சு இரண்டு நிமிடமாவது கிடக்க வேண்டும். அச்சின் முக்கால் பாகத்தை மட்டும் மாவில் முக்குங்கள். மேல் விளிம்பை மாவு மூடிவிட்டால் முறுக்கு கழன்று வரவே வராது. மாவு அச்சில் பிடிக்காமல் வழிந்தால் அச்சு சூடாகவில்லை. முதல் இரண்டு மூன்று எல்லோருக்கும் ஒட்டும், மனம் தளராதீர்கள். அரிசி மாவு அடியில் தங்கும் என்பதால் அடிக்கடி கலக்கிவிட ஆள் வேண்டும். அது பிள்ளைகளின் வேலை. எண்ணெய்ப் பக்கம் மட்டும் அவர்களை விடாதீர்கள். நன்றாக ஆறிய பிறகே டின்னில் போடுங்கள்.

கிறிஸ்துமஸ் குடிலுக்கு 15-ஆம் தேதியே ஒரு கைப்பிடி கோதுமையை ஊறவைத்து, தட்டில் ஈரப் பஞ்சின் மேல் பரப்புங்கள். 24-க்குள் பச்சைப் புல்லாக நிற்கும். பஞ்சு காயவும் கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. தேங்கினால் பூசணம் பிடித்து நாறும். காகித நட்சத்திரத்துக்குள் எல்இடி பல்புதான் போட வேண்டும், பழைய குண்டு பல்பின் சூட்டில் காகிதம் கருகிவிடும். பால்கனிக்கு வெளியே எதையும் தொங்கவிடப் பல கட்டடங்களில் அனுமதி இல்லை. ஜன்னலுக்கு உள்ளே கட்டினாலும் தெருவுக்குத் தெரியும்.

அமீரகத்தில் டிசம்பர் 25 அரசு விடுமுறை இல்லை. லீவை நவம்பரிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஊரில் நள்ளிரவு 12 மணி என்றால் துபாயில் இரவு 10.30. சொந்த ஊர்க் கோயில் பூசையை நேரலையில் பார்க்கப் பிள்ளைகள் முழித்திருக்கும் நேரம்தான். அங்கிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி போகுமே தவிர வீடியோ கால் போகாது. தாத்தா பாட்டியின் போனில் ஜூமை முன்கூட்டியே ஏற்றி, ஒருமுறை பேசியும் பார்த்துவிடுங்கள். அன்றைக்குப் போய் பாஸ்வேர்ட் தேடினால் பாட்டிக்கு அழுகைதான் வரும்.

கோயிலுக்குப் போகிறவர்கள் துபாயின் ஊத் மேத்தா பக்கம் காரை எடுத்துப் போகாமல் இருப்பது நல்லது. புனித மரியாள் ஆலயமும் ஹோலி டிரினிட்டி ஆலயமும் அங்கேதான், கூட்டம் நெரியும். கிரீன் லைன் மெட்ரோவில் போய்விடலாம். நள்ளிரவுப் பூசை முடிந்து திரும்ப டாக்ஸிதான்.

24 சாயங்காலம் பக்கத்து ஃப்ளாட்டுகளுக்குத் தட்டு போகட்டும். முட்டை சேர்த்தது என்று சொல்லியே கொடுங்கள். சைவக் குடும்பம் இருந்தால் முதலில் முட்டை இல்லாமல் பத்து சுட்டுத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

இதையெல்லாம் விட முக்கியம் 25 மதியச் சாப்பாடு. மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு பெட்ஸ்பேஸில் (பலர் தங்கும் ரூமில் ஒரு கட்டில் வாடகை) இருக்கும் அண்ணன்மார் நம் எல்லோருடைய பழக்கத்திலும் இருப்பார்கள். இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். அரிசி ஒரு கிலோ, மட்டன் ஒரு கிலோ போட்டால் ஆறு பேருக்குத் தாராளம். அன்று அவர்களுக்கு டியூட்டி இருக்கும், அதனால் முந்தின வாரமே கேளுங்கள். மதியம் முடியாதென்றால் பந்தியை ராத்திரிக்கு மாற்றுங்கள். போகும்போது ரூமில் இருப்பவர்களுக்கென்று அச்சு முறுக்கு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுங்கள்.