ஒரே நாளில் டெல்லி காட்டுகிறேன் என்று இனி யாரிடமும் சொல்வதாக இல்லை

டெல்லிக்கு வேலைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்குக் குதுப்மினாரை எத்தனை தடவை காட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை. காசி யாத்திரை முடித்துத் திரும்பும்போது கையில் ஒரு நாள் இருக்கும். அந்த ஒரு நாளில் செங்கோட்டை, ராஜ்காட், இந்தியா கேட், குதுப்மினார், தாமரைக் கோயில், அக்ஷர்தாம், நடுவில் பாலிகா பஜாரில் ஷாப்பிங். காலை ஏழு மணிக்கு வேன் ஏறினால் ராத்திரி ஒன்பதுக்கு இறங்குவோம். மறுநாள் கேட்டால் எது எந்த இடம் என்று யாருக்கும் நினைவிருக்காது. "அதான், அந்தச் செவப்பா இருந்துச்சே" என்பார்கள். டெல்லியில் பாதி அப்படித்தான் இருக்கும், நான் எதைச் சொல்வது?

போன தடவை வேன்காரர் 'அரசாங்கக் கடை' என்று சொல்லி ஏதோ ஒரு எம்போரியத்தில் இறக்கிவிட்டார். அங்கே ஒன்றேகால் மணி நேரம். செங்கோட்டைக்குக் கிடைத்தது நாற்பது நிமிஷம். கமிஷன் யாருக்குப் போனது என்று உங்களுக்கே தெரியும். சித்தி அங்கே வாங்கிய 'பஷ்மினா' சால்வை ஒரே துவைப்பில் துண்டு சைஸுக்கு வந்துவிட்டது.

அதனால் இந்தப் பிப்ரவரியில் மாமாவும் அத்தையும் வந்தபோது வேனே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு கல்லறை, ஒரு பூங்கா, ஒரு கடைத்தெரு. அவ்வளவுதான். அத்தைக்குக் கொஞ்சம் ஏமாற்றம். "கல்லறையையா காட்டக் கூட்டிட்டுப் போறே?" என்றார்.

மாமாவுக்கு ஈரோட்டில் மஞ்சள் மண்டி. காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் கொஞ்சம் நிலமும் உண்டு. ஹுமாயூன் கல்லறைக்குள் நுழைந்ததும் நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். 1556இல் நூலகப் படிக்கட்டில் தவறி விழுந்து இறந்துபோனார், மனைவி பேகா பேகம் கட்டிய கல்லறை இது, தாஜ்மகாலுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலே மூத்தது, 1857இல் கடைசி மொகலாய அரசர் பகதூர் ஷா ஜாபரை ஆங்கிலேயர்கள் பிடித்தது இங்கேதான். மாமா எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினார். பார்வை மட்டும் கீழேயே இருந்தது.

தோட்டத்தை நான்காக வகுத்து ஓடுகிற கல் வாய்க்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை அகலம்கூட இல்லாத ஓடை மாதிரி இருக்கும், யாரும் நின்று பார்ப்பதில்லை. நானே அதுவரை தாண்டித் தாண்டித்தான் போயிருக்கிறேன். மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு காய்ந்த இலையைத் தண்ணீரில் போட்டார். இலை அவசரமே இல்லாமல் நகர்ந்தது. அதோடு கூடவே நடந்தார். திரும்பி வந்து, "இதுக்கு வாட்டம் எவ்வளவு மாப்ளை?" என்றார்.

பாபர், பானிபட் எல்லாம் கேட்பார்கள் என்று தயாராக வந்தவனுக்கு இது தெரியவில்லை. போனை எடுத்துத் தேடினேன். இந்த வாய்க்கால்களைத் திரும்பச் செப்பனிட்டபோது 40 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் சரிவு வைத்தார்களாம். படித்துக் காட்டினேன். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஒரு சென்டிமீட்டரா... வாட்டம் புடிச்சவன் ஆருன்னு போட்டிருக்கா பாரு" என்றார். போடவில்லை. கட்டட வல்லுநர் மீராக் மிர்சா கியாஸின் பேர் மட்டும்தான் இருக்கிறது.

மேல்கூரையில் இருபதாம் நூற்றாண்டில் அடுக்கடுக்காகப் போட்டிருந்த காங்கிரீட்டை, பத்து லட்சம் கிலோவுக்கு மேல், சமீபத்தில்தான் கையால் வெட்டி இறக்கினார்கள் என்று சொன்னேன். "ஒழுகுனா மேல மேல பூசறது நம்மூர்ல மட்டும்னு நெனச்சேன்" என்றார். இரண்டு மணி நேரம் அங்கேயே போய்விட்டது. கல்லறைக்கு வரமாட்டேன் என்ற அத்தைதான் கடைசியில் கிளம்ப மனசில்லாமல் இருந்தார்.

லோதி தோட்டம் அங்கிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். டிக்கெட் கிடையாது. என் கணக்கில் டெல்லியின் மிகப் பெரிய ஆடம்பரம் இதுதான். 1444இல் கட்டிய முகமது ஷா கல்லறை, சிக்கந்தர் லோதி கல்லறை, பெரிய கும்மட்டம் எல்லாம் மரங்களுக்கு நடுவே நிற்கின்றன. அதைச் சுற்றி ஆட்கள் ஓடுகிறார்கள், யோகா செய்கிறார்கள், காதலிக்கிறார்கள். யாரும் கும்மட்டத்தை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அத்தை புளியோதரையைப் பிரித்தார், மாமா புல்லிலேயே ஒரு தூக்கம் போட்டார். ஆனால் இந்தத் தோட்டம் சும்மா வந்துவிடவில்லை. கல்லறைகளைச் சுற்றி கைர்பூர் என்று ஒரு கிராமம் இருந்தது. அதைக் காலி செய்துவிட்டுத்தான் 1936இல் வைஸ்ராய் மனைவி லேடி வில்லிங்டன் பேரில் பூங்கா போட்டார்கள். சுதந்திரத்துக்கு அப்புறம்தான் லோதி பேர். இதை நான் அத்தையிடம் சொல்லவில்லை, சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஜோர்பாக்கில் மெட்ரோ ஏறினால் மஞ்சள் தடத்தில் நேராகச் சாந்தினி சவுக். (மஞ்சள் தடம் என்றதும் மாமா சிரித்தார்.) ஷாஜகான் மகள் ஜஹனாரா 1650 வாக்கில் அமைத்த தெரு. நடுவே அப்போது கால்வாய் ஓடியது. இப்போது பகலில் மோட்டார் வண்டிகளை விடுவதில்லை, சைக்கிள் ரிக்‌ஷா மட்டும். மேற்குக் கோடியில் ஃபதேபுரி மசூதி, அதை ஒட்டிக் காரி பாவ்லி. உப்புத் தண்ணீர்க் கிணறு என்று அர்த்தம். கிணறு போய்விட்டது, மசாலாச் சந்தை இருக்கிறது. கடோடியா மார்க்கெட் பக்கம் போனாலே மிளகாய் நெடி தொண்டையைப் பிடிக்கும். தும்மாமல் வெளியே வந்தவர்களை நான் பார்த்ததில்லை. மூட்டை தூக்கி வருகிறவருக்கு ஒதுங்காவிட்டால் இடித்துவிட்டுத்தான் போவார், அதில் தப்பும் இல்லை.

மாமாவுக்கு ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. ஒரு மஞ்சள் கடை முன்னால் நின்றார். சாக்கிலிருந்து ஒரு விரலி மஞ்சளை எடுத்தார், உள்ளங்கையில் உருட்டினார், காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒடித்தார். டக் என்று சத்தம். ஒடிந்த இடத்து நிறத்தைப் பார்த்துவிட்டு, "ஈரோடு" என்றார். கடைக்காரர் நிமிர்ந்தார். "ஈரோடு?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு, பக்கத்துச் சாக்கைக் காட்டி "நிஜாமாபாத்" என்றார். அடுத்ததைக் காட்டி "சாங்லி". எல்லாம் மஞ்சளுக்குப் பேர்போன ஊர்கள். மாமா ஒவ்வொன்றையும் ஒடித்தார். ஸ்டூல் வந்தது, டீ வந்தது. நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன், இருவருமே என்னைக் கண்டுகொள்ளவில்லை. விலையைக் கால்குலேட்டரில் அடித்துக் காட்டிக்கொண்டார்கள். ஈரோட்டில் என்ன விலைக்குப் போகிறது, இங்கே என்ன விலை என்று பார்த்ததும் மாமா முகம் மாறியதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊர்க்காரர்களுக்கு ரசனை இல்லை, செல்ஃபி எடுக்கத்தான் வருகிறார்கள் என்று இங்கே நிறையப் பேர் சலித்துக்கொள்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். நாற்பது நிமிஷம் கொடுத்துவிட்டு ரசனையை எதிர்பார்த்தால் எப்படி? ஒருமுறைதானே வருகிறார்கள், எல்லாம் பார்க்க வேண்டாமா என்றும் கேட்பீர்கள். ஒருமுறைதான் வருகிறார்கள் என்பதால்தான் சொல்கிறேன். மாமா குதுப்மினாரைப் பார்க்கவில்லை, ஊரில் அதைப் பற்றி யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. மண்டியில் அந்த வாய்க்கால் வாட்டத்தைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

அடுத்த மாதம் பெரியப்பா வீட்டிலிருந்து எட்டுப் பேர் வருகிறார்கள். வாட்ஸ்அப்பில் பதினோரு இடங்களின் பட்டியல் வந்துவிட்டது. கடைசி வரியில், மாமா சொன்னாரென்று, காரி பாவ்லி. ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம். அன்றைக்கு அங்கே கடை இருக்காது, அதை முதலில் போன் போட்டுச் சொல்ல வேண்டும்.