ரிப் தடிமன் பற்றி ஒரு திருத்தம்
மோல்டுல (அச்சுல) வார்க்கிற பிளாஸ்டிக் பார்ட்ல, சுவரை விறைப்பாக்க உள்பக்கம் நிக்கிற மெல்லிய பட்டைதான் ரிப். “ரிப்பையும் சுவர் அளவுக்கே தடிமனா வச்சா பார்ட் ஸ்ட்ராங்கா இருக்கும்”னு ஒருத்தர் சொல்லியிருக்கார். மோல்டு அடிக்கிறவங்க கேட்டா தலையில கை வச்சிடுவாங்க. ரிப்பும் சுவரும் சேர்ற இடத்துல பிளாஸ்டிக் குவிஞ்சு மெதுவா ஆறும், சுருங்கும். வெளிப்பக்கம் சிங்க் மார்க் (சின்னக் குழி) விழும். உள்ளே வெற்றிடமும் வரலாம். ஏபிஎஸ் பிளாஸ்டிக்ல 3 மி.மீ. சுவருக்கு ரிப் அடியில 1.5–1.8 மி.மீ. போதும்.

விறைப்பு வேணும்னா உயரத்தைக் கூட்டுங்க. தடிமனை இரட்டிப்பாக்கினா ரிப்போட விறைப்பு 2 மடங்குதான்; உயரத்தை இரட்டிப்பாக்கினா 8 மடங்கு. அதுக்காக பனைமரம் மாதிரி நட்டுடாதீங்க, சுவர் தடிமனைப்போல 3 மடங்கு உயரம் தாண்டினா பிளாஸ்டிக் சரியா நிரம்பாது, மோல்டுலயும் சிக்கும். அதுக்கு மேல வேணும்னா இன்னொரு ரிப் போடுங்க. ரிப்போட ஒவ்வொரு பக்கத்துக்கும் அரை டிகிரியாவது டிராஃப்ட் (மோல்டுல இருந்து சுலபமா கழற ஒரு சாய்வு) கொடுங்க.