உண்டியல் ஏந்தினால் கேவலமா?

நேற்று இரவு அந்தத் தொலைக்காட்சி விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். தெருவில் உண்டியல் ஏந்தி நிதி திரட்டும் மார்க்சிஸ்ட் கட்சியின் பெயரைச் சொல்லக்கூட அங்கே வந்திருந்த வேறொரு கட்சிப் பேச்சாளருக்கு மனம் வரவில்லை. "உண்டியல் குலுக்கிகள்" என்றார். நெறியாளர் சிரித்தார். காலையிலிருந்து அந்தத் துண்டுக் காணொளியை என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களே சிரிப்பு முகம் போட்டுப் பகிர்கிறார்கள். அதில் சிலர் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

நடுத்தெருவில் நின்று பத்து ரூபாய் கேட்பதில் என்ன கேவலம்? எல்லார் கண் முன்னாலும் கேட்கிறோம், எல்லார் கண் முன்னாலும் வாங்குகிறோம். யார் கொடுத்தார், எதற்குக் கொடுத்தார் என்று வெளியே சொல்ல முடியாத பணத்தை வாங்குவதுதான் கேவலம்.

அப்படி வாங்குவதற்கென்றே 2018-இல் இந்த நாட்டில் ஒரு திட்டம் வந்தது, தேர்தல் பத்திரம் என்ற பெயரில். வங்கியில் பத்திரம் வாங்கி, பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குக் கொடுத்துவிடலாம். மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 7.5 விழுக்காட்டுக்கு மேல் ஒரு நிறுவனம் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று இருந்த வரம்பை அதற்கு முந்தைய ஆண்டே எடுத்துவிட்டார்கள். நட்டத்தில் ஓடும் கம்பெனியும் கோடிகளை அள்ளிக் கொடுக்கலாம் என்று ஆனது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் இது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று ரத்து செய்வதற்குள் 16,518 கோடி ரூபாய்க்குப் பத்திரம் விற்றாகிவிட்டது. ஆயிரம் ரூபாய்க்கும் பத்திரம் இருந்தது, ஆனால் விற்ற தொகையில் 90 விழுக்காட்டுக்கும் மேல் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்கள்தான். இந்த வழக்கைத் தொடுத்தவர்களில் நேற்று கேலி செய்யப்பட்ட அதே மார்க்சிஸ்ட் கட்சியும் உண்டு. பத்திரம் வழியாக எங்களுக்கு ஒரு ரூபாயும் வேண்டாம் என்று சொன்ன கட்சி அது. உண்டியல் ஏந்தியவர்கள்தான் நீதிமன்றப் படியும் ஏறினார்கள். இதை நேற்று அந்த அரங்கில் ஒருவர்கூடச் சொல்லவில்லையே!

பத்திரம் வழியாக எந்தக் கட்சிக்கு எவ்வளவு போனது என்ற பட்டியல் வெளிவந்தபோது என்ன பார்த்தோம்? 2019 ஏப்ரலுக்குப் பிறகு மட்டும் பாஜகவுக்கு 6,000 கோடிக்கு மேல். திமுகவுக்கு மொத்தம் 656 கோடி, அதில் 509 கோடி ஃப்யூச்சர் கேமிங் என்ற ஒரே லாட்டரி நிறுவனத்திடமிருந்து. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லிருந்து தடை. கொடுத்தவர் பெயரைத் தேர்தல் ஆணையத்திடம் திமுக தானே சொன்னது, அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனாலும் மனம் ஆறவில்லை. 1967 தேர்தலுக்கு அண்ணா 10 லட்சம் இலக்கு வைக்க, கலைஞர் 11 லட்சம் திரட்டிக்கொண்டு வந்து நின்ற கட்சி அல்லவா இது? அந்த 11 லட்சத்தில் எத்தனை ஊர்க்காரர்களின் காசு இருந்திருக்கும்!

கல்லூரி முடித்த புதிதில் நானும் வசூலுக்குப் போயிருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு தையல்காரர். இருபது ரூபாய் கொடுத்துவிட்டு ரசீதை வாங்கி, மெஷின் டிராயரில் பத்திரமாக வைத்தார். மழைக்காலத்தில் அவர் கடை வாசலில் சாக்கடை பொங்கியபோது அதே ரசீதோடு கிளை அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். "நிதி கொடுத்திருக்கேன் தோழர், கேக்க உரிமை இருக்குல்ல?" என்றார். கிளைச் செயலாளர் மறுபேச்சு பேசவில்லை, மறுநாள் காலை அவரைக் கூட்டிக்கொண்டு நகராட்சிக்குப் போனார். அந்த இருபது ரூபாய்க்கு இருந்த அதிகாரம் அது. 509 கோடி கொடுத்தவர் ரசீதோடு எங்கேயும் போய் உட்கார வேண்டியதில்லை. அவர் என்ன கேட்டார், கேட்டாரா இல்லையா என்பதுகூட நமக்குத் தெரியப்போவதில்லை. என் பயமே அதுதான்.

"2019-இல் திமுகவிடம் இடதுசாரிகள் 25 கோடி வாங்கினார்களே" என்று வருவீர்கள், தெரியும். இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடி, மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடி. தேர்தல் ஆணையத்தில் தாக்கல் செய்த கணக்கில் இருந்துதான் உங்களுக்கே அது தெரியும். எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் அந்த ஒன்றை வைத்து, வெயிலில் நின்று வசூலித்தவர்கள் எல்லாரையும் கேலி செய்வீர்களா?

சில்லறை நன்கொடை என்ற பெயரில் கறுப்புப் பணத்தை ஒளிக்கலாம் என்பது நியாயமான கேள்வி. 20,000 ரூபாய்க்குக் கீழே கொடுத்தவர் பெயரைக் கட்சிகள் வெளியிட வேண்டியதில்லை. பெரிய கட்சிகள் அந்த ஓட்டைக்குள் எதை வேண்டுமானாலும் போடலாம். அந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள், ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள். நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுகிறேன்.

"உண்டியலை வைத்து ஜெயிக்க முடியுமா?" என்பது இன்னொன்று. அமெரிக்காவில் 2016-இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆவதற்கான போட்டியில் பெர்னி சாண்டர்ஸ் சராசரி 27 டாலர் நன்கொடைகளை வைத்துக்கொண்டு ஹிலாரி கிளின்டனிடம் கடைசி வரை மல்லுக்கட்டினார். தோற்றார், சரி. இங்கே மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம் ரூபாய் வரம்பு, கட்சி செய்யும் செலவுக்கு வரம்பே கிடையாது. இப்படி ஒரு களத்தை வைத்துக்கொண்டு, ஏன் ஜெயிக்கவில்லை என்று எங்களிடமே கேட்கிறீர்கள்.

அந்தப் பேச்சாளரிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கட்சி கடைசியாக எப்போது ஒரு சாதாரண ஆளிடம் காசு கேட்டது? கேட்காது. இப்போது கட்சிதான் வீட்டுக்கு வந்து கொடுக்கிறது. 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-இல் ஆர்.கே. நகரிலும், 2019-இல் வேலூரிலும் தேர்தலையே நிறுத்தும் அளவுக்கு அந்தப் பணம் புழங்கியது. மேலே ஒருவரிடம் கோடியாக வாங்கி, கீழே நமக்கு நூறாகவும் ஆயிரமாகவும் பிரித்துத் தருகிறார்கள். வாங்கியவன் போய்ச் சாக்கடையைப் பற்றிக் கேட்டால், "அதான் அன்னைக்கே கொடுத்தோமே" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள். என் காதால் கேட்டிருக்கிறேன். அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினார். அவரை அப்படிக் குனிய வைத்தவர்கள் நேற்று உண்டியலைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அந்தக் காணொளியைப் பகிர்ந்த நண்பர்களுக்கு: என்னோடு சண்டை போட வேண்டுமென்றால் வாருங்கள், விடிய விடியப் பேசலாம். ஆனால் உங்கள் கட்சி வெளியிட்ட நன்கொடையாளர் பட்டியலை ஒரு முறை முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள்.